எண்பது சதவீதம்

ராமேஸ்வரத்துக் கலாம், இதய மருத்துவர் சோமராஜுவோடு சேர்ந்து 1990களில் விலை குறைந்த ஸ்டென்ட் ஒன்றை உருவாக்கினார். அப்போது கேள்வி விலைதான். 2017 பிப்ரவரியில் மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு அரசு 29,600 ரூபாய் உச்சவரம்பு வைத்தபோதும் விலையைப் பற்றித்தான் பேசினோம். எங்கள் வீட்டில் வேறொரு கேள்வி வந்தது: இது தேவையா?

பாம்பன் சித்தப்பாவுக்கு வயது 58. விசைப்படகில் போகிறவர். வலை தூக்கும்போது நெஞ்சு இறுகும், உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடும். ஒரு வருடமாக அதே அளவில்தான். ஆஞ்சியோவில் ஒரு குழாயில் 80 சதவீத அடைப்பு. "இன்னைக்கே போட்டுரலாம், விட்டா எப்ப வேணாலும் அட்டாக் வரும்" என்றார்கள் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில். சித்தி வளையலைக் கழற்றிவிட்டார். சித்தப்பா மட்டும், "தம்பி, நீ கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்லு" என்றார்.

பார்த்தேன். 2007இல் கரேஜ் ஆய்வு, 2,287 பேர். 2020இல் வெளியான இஸ்கீமியா, 5,179 பேர். இப்படி நிலையாக இருக்கும் நோயில், மருந்தோடு ஸ்டென்ட்டோ பைபாஸோ சேர்த்தவர்களுக்கும் மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கும் மரணத்திலும் மாரடைப்பிலும் பெரிய வித்தியாசமில்லை. பல மாரடைப்புகள் பாதிகூட அடைக்காத கொழுப்புப் படிவு வெடித்து வருகின்றன. ஸ்டென்ட் ஓர் இடத்தை விரிக்கும். ஸ்டேட்டின் மாத்திரை எல்லாக் குழாய்க்கும் வேலை செய்யும். (மெதுவாக ஓடும் வரியைத் திருத்திவிட்டு சர்வர் விழாது என்று நம்புகிற டீம்களை நான் பார்த்திருக்கிறேன்.)

ஆனால் வலி? அடிக்கடி வலி வருபவர்களுக்கு ஸ்டென்ட் நன்றாகவே உதவியது. வலை தூக்கிப் பிழைப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை. கூடவே, ஸ்டென்ட் போட்டால் மாதக்கணக்கில் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரை. மீன்முள்ளும் கயிறும் கை கிழிக்கிற தொழிலில் அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

மாரடைப்பு வந்துவிட்டால் இந்தக் கணக்கே கிடையாது. அப்போது அடைப்பைத் திறப்பதுதான் உயிர். பாம்பனிலிருந்து மதுரை 150 கிலோமீட்டருக்கு மேல். அதனால் பக்கத்து அரசு மருத்துவமனையில் கட்டியைக் கரைக்கும் ஊசி முதலில், பிறகுதான் பயணம். 2023 முதல் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். இதைச் சித்திக்கு இரண்டு முறை சொன்னேன்.

இன்னொரு மருத்துவரிடம் போனோம். இடது பிரதானக் குழாய் சுத்தம், இதயத் துடிப்பின் பலமும் சரி என்று பார்த்துவிட்டுத்தான் பேசினார். அந்த ஆய்வுகள் அது இரண்டும் கெட்டவர்களுக்குப் பொருந்தாது. "மூணு மாசம் மாத்திரை. வலி நிக்கலன்னா போடலாம்."

ஏப்ரல் 15இல் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் மாத்திரை, பீடி இல்லை, காலையில் பாலம்வரை நடை. ஜூனில் கடலுக்குப் போய்வந்தவரிடம் கேட்டேன். "இறுக்கம் வருது, கடைசி வலைக்கு மட்டும். அதுக்கு இப்ப பையன் நிக்கிறான். ஆடி கழியட்டும், ஸ்டென்ட்ட யோசிப்போம்."