கல்லில் ஆறு குழிகள்

இங்கிலாந்து போய்வந்தேன் என்று சொன்னால் போதும், "லண்டன்ல அரண்மனை பார்த்தீங்களா? பெரிய கடிகாரம் பார்த்தீங்களா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டையும் பார்த்தேன். ஆனால் ஊர் திரும்பிய பிறகும் மனசை விட்டுப் போகாமல் இருப்பது ஆயிரம் பேர் வசிக்கும் ஒரு சின்னக் கிராமம்தான்.

என் தங்கை ஷெஃபீல்டில் இருக்கிறாள். அவளுடைய பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்தேன். அம்மா இருந்திருந்தால் அம்மாதான் போயிருப்பாள். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும், "அக்கா, வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கறியே, பக்கத்துல ஒரு ஊர் இருக்கு, போயிட்டு வரலாம்" என்றாள். பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. டெர்பிஷயர் மலைப்பகுதி. இரண்டு பக்கமும் பச்சைப் புல், கல் வேலி, ஆடுகள். ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தால் 'எயாம்' என்று வருகிறது. ஆனால் அந்த ஊர்க்காரர்கள் 'ஈம்' என்றுதான் சொல்கிறார்கள். நம் காதுக்கு ஈமச்சடங்கு ஞாபகம் வரும். போய்ப் பார்த்தபின், பெயர் பொருத்தம்தான் என்று தோன்றியது.

தேவாலயத்தை ஒட்டி வரிசையாகச் சில சின்னக் கல் வீடுகள். வாசலில் செடிகொடிகள், ஜன்னலில் வெள்ளைத் திரை. ஒவ்வொரு வீட்டுக்கு முன்னும் ஒரு பலகை. அந்த வீட்டில் யார் யார், எந்தத் தேதியில் செத்தார்கள் என்று அதில் எழுதியிருக்கிறது. இன்றும் அந்த வீடுகளில் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். தினமும் கதவைத் திறந்து வரும்போது அதைத் தாண்டித்தானே வரவேண்டும்!

1665-ஆம் வருஷம் லண்டனில் பிளேக் நோய் பரவியிருந்த சமயம். அந்த வரிசையில் ஒரு வீட்டில் மேரி என்ற பெண் இருந்தாள். முதல் கணவர் மூலம் இரண்டு பிள்ளைகள். மறுமணம் செய்துகொண்டவர் தையல்காரர். அவரிடம் ஜார்ஜ் விக்கர்ஸ் என்பவர் வேலைக்கு இருந்தார். லண்டனிலிருந்து துணி மூட்டை வந்தது. ஈரமாக இருக்கிறதே என்று பிரித்துக் கணப்பு அருகே காயப்போட்டாராம். மழைக்காலத்தில் அடுப்பங்கரைக் கொடியில் நாம் துணி போடுவதில்லையா, அது மாதிரிதான். துணியோடு வந்த தெள்ளுப்பூச்சி கடித்துத்தான் நோய் தொற்றியது என்கிறார்கள். செப்டம்பர் 7-ஆம் தேதி அவர் இறந்தார். அடுத்து மேரியின் சின்னப் பையன், பிறகு பெரியவன். மறு வருஷம் கணவரும் போய்விட்டார். சொந்தபந்தத்தில் 13 பேரை இழந்து மேரி மட்டும் மிஞ்சினாள் என்று பலகை சொல்கிறது.

குளிர்காலத்தில் நோய் அடங்கின மாதிரி இருந்தது. 1666 ஜூனில் மறுபடி கிளம்பிவிட்டது. ஊரை விட்டு ஓடிவிடலாமா என்று ஜனங்கள் யோசித்திருக்கிறார்கள். ஓடினால் சுற்று வட்டாரமெல்லாம் நோய் பரவும். அப்போது மத குருவாக இருந்தவர் வில்லியம் மாம்ப்பெசன். முப்பது வயதுகூட ஆகவில்லை, ஊருக்கும் புதுசு. பதவி பறிபோன பழைய குரு தாமஸ் ஸ்டான்லியும் அங்கேதான் இருந்தார். ஜனங்களுக்கு நம்பிக்கை பழையவரிடம்தான். இருவருக்கும் மதக் கொள்கையில் ஆகாது. ஆனாலும் ஒன்றாக நின்று பேசி ஊரைச் சம்மதிக்க வைத்தார்கள்: யாரும் எல்லையைத் தாண்டிப் போவதில்லை, வெளியாரும் உள்ளே வருவதில்லை.

இறந்தவர்களை அவரவர் குடும்பத்தார் வீட்டுப்பக்கத்திலேயே புதைத்தார்கள். தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே பள்ளத்தாக்கில் குடும்பம் குடும்பமாகத் தள்ளித் தள்ளி நின்று பிரார்த்தனை செய்தார்கள். பிளேக் கிருமியைக் கண்டுபிடித்ததே 1894-இல்தான். அதற்கு இருநூறு வருஷத்துக்கு மேல் முன்னால், தள்ளி நிற்க வேண்டும் என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்தியது. ஊரை அடைப்பதற்கு முன்பே மாம்ப்பெசன் தன் இரண்டு குழந்தைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டார். "அது என்ன நியாயம்? ஊரார் பிள்ளைகள் மட்டும் உள்ளே இருக்கணுமா?" என்றேன். தங்கை மடியிலிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்பே?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. அனுப்பித்தான் இருப்பேன். அவருடைய மனைவி கேத்தரீன் குழந்தைகளோடு போகாமல் கணவரோடு தங்கி, நோயாளிகளுக்கு ஒத்தாசை செய்தாள். ஆகஸ்ட் 25-ஆம் தேதி அவளும் இறந்தாள். இருபத்தேழு வயதாம். சமாதி தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது.

ஊருக்குக் கொஞ்சம் வெளியே மேட்டு வயலில் வட்டமாக ஒரு கல் சுவர், உள்ளே சில கல்லறைகள். எலிசபெத் ஹான்காக் என்ற தாய் 1666 ஆகஸ்டில் எட்டு நாளைக்குள் கணவரையும் ஆறு குழந்தைகளையும் இங்கே புதைத்திருக்கிறாள். உதவிக்கு ஒருவரும் வர முடியாது. தொடாமல் இருக்க, காலில் துணியைக் கட்டி இழுத்து வந்தாள் என்றும், எதிர்க் குன்றிலிருந்து பக்கத்து ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்றும் சொல்கிறார்கள். அவளுக்கு நோய் வரவில்லை. ஷெஃபீல்டில் தொழில் பழகிக்கொண்டிருந்த ஒரு மகனிடம் பிறகு போய்ச் சேர்ந்தாளாம். அங்கே உட்காரக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

அங்கிருந்து இறங்கி, பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்குப் போகும் வயல்பாதைக்கு வந்தோம். பாதை நடுவில் எல்லைக்கல் கிடக்கிறது. பெரிய பாறைதான். அதன் மேல் ஆறு குழிகள். ஊர்க்காரர்கள் குழியில் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். அக்கம்பக்கத்தார் காசை எடுத்துக்கொண்டு ரொட்டியும் சாமானும் வைத்துவிட்டுப் போவார்கள். ஒருவர் முகம் ஒருவர் பார்ப்பதில்லை. வடக்கே மலைமேல் ஒரு ஊற்றும் இப்படித்தான் பயன்பட்டிருக்கிறது. சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்த டெவன்ஷயர் பிரபுவும் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்தார்.

குழிக்குள் விரலை விட்டேன். விளிம்பெல்லாம் வழவழவென்று இருந்தது. 2021 மே மாதம் எங்கள் வீட்டு மாடி அறை வாசலில் நான் வைத்த எவர்சில்வர் தட்டு ஞாபகம் வந்துவிட்டது. உள்ளே அம்மா. தட்டை வைத்துக் கதவைத் தட்டிவிட்டு நாலு படி இறங்கி நிற்பேன். "வெச்சுட்டியாம்மா? நீ போ, கிட்ட வராதே, குழந்தைங்க இருக்கு" என்பாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். அப்புறம் முகத்தைப் பார்க்கவில்லை. தங்கை ஷெஃபீல்டில் இருந்தபடி செல்போனில்தான் அழுதாள். கிட்டே போகாமல் இருந்தேனே என்று இத்தனை வருஷமாக என்னை நானே கோபித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால், போகச் சொன்னது அம்மாதானே? அந்தக் கல்லருகில் நின்றபோதுதான் அது எனக்கு முதல் முறையாக உறைத்தது.

ஈம் கிராமத்தில் 1666 நவம்பர் 1-ஆம் தேதி கடைசி மரணம். மொத்தம் ஏறக்குறைய 260 பேர் என்கிறார்கள். அடைத்து வைக்காமல் இருந்திருந்தால் ஊருக்குள் இவ்வளவு பேர் செத்திருக்க மாட்டார்கள் என்று வாதாடுபவர்களும் உண்டு. இருக்கலாம். ஆனால் சுற்றியுள்ள ஊர்களுக்கு நோய் பரவவில்லை.

நாங்கள் போனது ஆகஸ்ட் கடைசி. அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, அதே பள்ளத்தாக்கில் இன்றும் நினைவுப் பிரார்த்தனை நடக்கிறது. அதே சமயத்தில் ஊர் ஊற்றுகளுக்கு அலங்காரம் செய்கிறார்கள். மரப்பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, படம் கீறி, பூவிதழ், விதை, இலை என்று ஒவ்வொன்றாக அழுத்தி ஒட்டுகிறார்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் ஓணத்துப் பூக்கோலம் தோற்றுப்போகும்! நாலைந்து நாளில் வாடிவிடும் என்று தெரிந்தே இத்தனை பாடு. பொருட்காட்சி சாலையும் இருக்கிறது. அதன் உச்சியில் காற்றுக்குத் திரும்பும் எலி உருவம். நோய் கொண்டுவந்த எலியைக் கூரைமேல் ஏற்றிவிட்டார்களே என்று சிரிப்பு வந்தது.

எல்லைக்கல்லின் குழிகளில் இப்போதும் பார்க்க வருகிறவர்கள் காசு போட்டுவிட்டுப் போகிறார்கள். தங்கையும் கைப்பையைத் துழாவி ஒரு காசை எடுத்துப் போட்டாள். "யாருக்கு?" என்றேன். "அம்மாவுக்கு" என்றாள். அதற்குள் தூறல் ஆரம்பித்துவிட்டது. குழந்தையை என் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு பஸ் நிறுத்தத்தைப் பார்க்க நடந்தோம்.