மல்லாந்து பார்த்த வானம்

ரொறன்ரோவுக்கு வடக்கே, மஸ்கோகாவில் இருக்கிறது ரொறன்ஸ் பேரன்ஸ். கனடாவின் முதல் இருள்வானக் காப்பிடமாக 1999 இல் ஒன்ராறியோ அரசு அறிவித்த இடம். எங்கும் மொட்டைப் பாறை. வளர்ந்த மரங்கள் குறைவு என்பதால் வானம் அடிவரை தெரியும். ஆகஸ்ட் நடுவில் வரும் பேர்சியஸ் எரிகல் பொழிவைப் பொதுமக்களுக்குக் காட்ட வானியல் ஆர்வலர்கள் கூடிய இரவில், அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனோம்.

கைபேசிகளை அணைக்கச் சொன்னார்கள். கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாவது வேண்டும். இடையில் வெள்ளை வெளிச்சம் பட்டால் அவ்வளவும் வீண். அதனால் எல்லோர் கையிலும் சிவப்பு டோர்ச். எரிகல் பார்க்கத் தொலைநோக்கி உதவாது, வெறுங்கண்தான். பாறையில் பாய் விரித்து மல்லாந்து படுத்தோம்.

"வானத்தில வெளிச்சம் தெரிஞ்சா குப்புறப் படுத்த ஆக்களெல்லோ நாங்கள்," என்றார் அம்மா.

பரா லைற் என்ற வெளிச்சக் குண்டைச் சொன்னார். ஊரில் யுத்த இரவுகளில் அது பரசூட்டில் தொங்கி மெல்ல மெல்ல இறங்கும். கிணற்றடி, வாழை, வேலி எல்லாம் பகல்போலத் தெரியும். அது அணையும்வரை பங்கருக்குள் ஒருவரும் பேசமாட்டோம். பிறகு ஷெல் வரும். என் வயதுக்காரர் பலருக்கு இரவு வானம் அப்படித்தான் அறிமுகமானது. காட்டுப்பக்கம் பார்பிக்யூவுக்குப் போனாலும் இருட்டுமுன் வீடு திரும்பிவிடுகிறோமே, காரணம் இதுதான் என்று நம்புகிறேன்.

எரிகல், விரலை நீட்டிக் காட்டுமுன் முடிந்துவிடுகிறது. 133 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றும் ஸ்விஃப்ட்-டட்டில் வால்வெள்ளி உதிர்த்துவிட்டுப்போன தூசி அது. அநேகமானவை மணல் துணிக்கை அளவுதான். பூமி ஆண்டுதோறும் அந்தத் தூசிப் பாதையைக் கடக்கும்போது, செக்கனுக்கு 59 கிலோமீற்றர் வேகத்தில் காற்றில் மோதி, 100 கிலோமீற்றர் அளவு உயரத்திலேயே எரிந்துபோகிறது. மகள் இதை விளக்கிச் சொல்ல, "அப்ப ஒண்டும் கீழ விழாதோ?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டார். நள்ளிரவுக்குப் பிறகு பேர்சியஸ் விண்மீன் கூட்டம் மேலே ஏற ஏற எரிகற்களும் கூடின. பிள்ளைகள் நித்திரையாகிவிட்டார்கள். "இன்னும் கொஞ்சம் இருப்பம்," என்றவர் அம்மாதான்.

குளிர் என்றும் இருட்டு என்றும் சொல்லிப் பெரியவர்களை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். தடித்த போர்வையும் நுளம்பு மருந்தும் போதும். 2026 ஆகஸ்ட் 12 அமாவாசை. அன்றிரவு நிலா இடைஞ்சல் செய்யாது.