விளக்கின் கனம்

“சும்மா நிக்கிறதுக்கா துட்டுக் குடுக்காக?”

இருக்கன்குடியில் அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் அந்த அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். பட்டாசு ஆலையில், ஊர்ப் பேச்சில் பயராபீசில், தரைச்சக்கரம் சுற்றுகிறவர் அவர். எண்ணிக்கைக்குக் கூலி. சுற்றாத சக்கரத்துக்குக் காசு கிடையாது. அவருடைய 19 வயது மகள் சாத்தூரில் கல்லூரிக்குப் போகிறாள். மாடலிங்தான் தன் தொழில் என்று ஆறு மாதமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மறுநாள் சிவகாசியில் அவளுக்குப் படப்பிடிப்பு. நகைக்கடை ஒன்று வரும் புத்தாண்டுக்குத் தனி டிசைனில் காலண்டர் போடுகிறது. அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. கூடப் போகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன்.

“நீங்க இருந்தாச் சரிக்கா” என்றார். கையைப் பார்த்தேன். நகக் கண்ணில் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. எவ்வளவு தேய்த்தாலும் மருந்து அங்கிருந்து முழுதாகப் போகாது.

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் ஊர் இது. இரு கங்கைக் குடி என்பதே இருக்கன்குடி ஆனது என்பார்கள். ஆடி முழுக்க ஜனம் நடந்து வந்துகொண்டே இருக்கும், கடைசி வெள்ளிக்கு ஆற்றுமணல் தெரியாது. கண் நோய்க்கு மாரியம்மனிடம் வேண்டிக்கொள்வது இங்கே பழைய வழக்கம். கோயில் வாசல் கடைகளில் தகட்டில் வெட்டிய கண்மலர்கள் தொங்கும். பக்கத்திலேயே சட்டம் போட்ட அம்மன் படங்கள். அந்தப் படங்கள் எல்லாம் மேற்கே இருந்து, சிவகாசி அச்சாபீசுகளிலிருந்து வருபவை.

ஆடிப்பெருக்கு அன்றுதான் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். சாமி, குழந்தை, இயற்கைக் காட்சி, குத்துவிளக்கோடு பெண் என்று எல்லா டிசைனும் அந்த ஆல்பத்தில் இருக்கும். வியாபாரிகள் அதைப் பார்த்துத் தங்கள் கடைப் பெயரோடு ஆர்டர் கொடுப்பார்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணின் முகம் முதன்முதலாக அச்சேற எத்தனையோ வாசல் இருக்கலாம். எனக்குத் தெரிந்து எளிய குடும்பத்துப் பெண்ணுக்குத் திறக்கிற வாசல் இதுதான். ஜவுளிக்கடை விளம்பரம், நகைக்கடைக் காலண்டர், மத்தாப்புப் பெட்டி. சென்னை மேடையில் நடக்கிற மாடலுக்கு உயரம் வேண்டும். இங்கே முகமும் கையும் பொறுமையும் போதும்.

பஸ்ஸில் அவள் தன் முதல் அனுபவத்தைச் சொன்னாள். போன வருஷம் ஒரு கடைக்காகச் சேலை கட்டி நின்றிருக்கிறாள். கிடைத்தது ஒரு சேலையும் மதியச் சாப்பாடும். அதே படம் பிறகு மூன்று ஊர்களில் பேனராக நின்றது. கேட்கப் போனால், “போட்டோவுக்குத்தான் சேலை குடுத்தோமே” என்றார்களாம். எழுத்தில் ஒன்றும் இல்லை.

“எழுதி வாங்கணும்னு யாரும் சொல்லலையே பெரியம்மா.”

யாரும் சொல்வதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து ஒருவர் எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். படத்தில் நிற்பவருக்கு அதில் பதிப்புரிமை கிடையாது. எங்கே, எவ்வளவு காலம், எந்தெந்த வடிவத்தில் படம் வரலாம் என்பதை நிற்பதற்கு முன்னால் காகிதத்தில் எழுதிக்கொண்டால் உண்டு. 2015-இல் தன் பெயரையும் பாணியையும் ஒரு இந்திப் படம் பயன்படுத்தக்கூடாது என்று ரஜினிகாந்த் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கினார். ஊரறிந்த முகத்துக்கு அந்த முகமே சாட்சி. இருக்கன்குடிப் பெண்ணுக்கு ஒரு தாளும் கையெழுத்தும் வேண்டும். இந்த முறை அவள் கைப்பையில் அது இருந்தது. ஒரு பக்கம்தான். காலண்டருக்கு மட்டும், ஓர் ஆண்டுக்கு மட்டும் என்று எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள். அதைக் காட்டியபோது அவள் முகத்தில் இருந்த தெளிவைப் பிறகு கேமரா முன்னால்கூட நான் பார்க்கவில்லை.

சென்னையிலிருந்து ஒருவர் போனில் பேசி, போர்ட்ஃபோலியோ எடுக்க முன்பணம் கேட்டதையும் சொன்னாள். அனுப்பாதே என்றேன். ஒழுங்கான ஏஜென்சி, வேலை வாங்கிக் கொடுத்து அந்தச் சம்பளத்தில் கமிஷன் எடுக்கும். சேருவதற்கே கட்டணம் கேட்கிறவரின் வருமானம் சேருகிறவர்களிடமிருந்துதான் வருகிறது. தொடங்குகிறவளுக்குத் தேவையான படங்கள் மிகக் குறைவு. மேக்கப் இல்லாமல், முடியை இழுத்துக் கட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உருவம் ஒன்று. இந்தத் தொழிலில் அதைப் போலராய்ட் என்பார்கள். கூட்டுக்காரியின் போனிலேயே எடுத்துவிடலாம்.

ஸ்டுடியோ ஒரு மாடி அறை. இரண்டு பெரிய விளக்குகள், மெரூன் துணி, தரையில் அவள் நிற்க ஒரு சுண்ணாம்புக் கோடு. இரவல் நகை, பட்டுச்சேலை, கையில் பித்தளைக் குத்துவிளக்கு. பார்க்க அழகான சின்ன விளக்குதான். ஐந்து நிமிடம் நீட்டிப் பிடித்தால் அது எவ்வளவு கனம் என்று தெரியும்.

போட்டோகிராபர் இளைஞர், இதமாகப் பேசுகிறவர். “தங்கச்சி, கையை மேல கொண்டு வா. தேதிக் கட்டு உக்காருற இடத்துல கை வரப்படாது. கீழே கடைப் பேரு. இந்தப் பக்கம் போன் நம்பர்.” அவள் நின்றது ஸ்டுடியோவில். உண்மையில் அவள் நிற்க வேண்டியிருந்தது ஒரு அட்டைக்குள்ளே. அடியில் கடைப் பெயருக்கு இடம், நடுவே தினசரித் தாள் கட்டு, மேலே டின் பட்டி, மிச்சமிருக்கிற கட்டத்தில் அவள். வருஷம் முழுக்கச் சுவரில் தொங்கப்போகிற படம் என்பதால் சிரிப்பும் அளவாக இருக்க வேண்டும். பல் தெரியச் சிரித்தால் மார்ச் மாதத்துக்குள் வீட்டுக்காரருக்கு அலுத்துவிடும் என்றார் அவர். தொழில் தெரிந்தவர் சொல் அது.

தாடையை இறக்கு. கண் மட்டும் வெளிச்சத்தைப் பார்க்கட்டும். மூச்சை விட்டுவிட்டு நில். தோள் ஏறுது. காலை ஒன்பதரைக்குத் தொடங்கியது மதியம் தாண்டியும் முடியவில்லை. இரண்டாம் மணி நேரத்தில் அவள் முழங்கை நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் விரலுக்கு வராமல் தோளிலேயே நிறுத்திக்கொள்ள அவள் அப்போதே, எங்கள் கண் முன்னாலேயே கற்றுக்கொண்டாள். நான் எத்தனையோ தறிகளையும் பட்டறைகளையும் பார்த்து எழுதியிருக்கிறேன். கைத்தொழில் என்று நான் சொல்வது இதைத்தான். உடம்பு ஒரு கஷ்டத்தை வாங்கி, செய்யும் பொருளில் அது தெரியாமல் ஒளித்துவிடுகிறது.

அடுத்த அறையில் கம்ப்யூட்டர். டிசைனர் பையன் படத்தைத் திறந்தான், முகத்தைத் தேர்ந்தெடுத்தான், பழக்கத்தில் நிறத்தை ஏற்றினான். இரண்டே நொடி. கரிசல் காட்டில் பிறந்து வளர்ந்த முகம் கோதுமை நிறத்துக்குப் போய்விட்டது. அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. “எல்லாருக்கும் இப்பிடித்தான் செய்வோம் மேடம்.” அவளைப் பார்த்தேன். ஒன்றும் பேசாமல் அந்த வெளுத்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அடிவயிற்றில் கோபம் வந்தது. அந்தப் பையன் மேல் இல்லை. அவன் விரலை அப்படிப் பழக்கிய நூறு வருஷக் காலண்டர்களின் மேல்.

அந்தக் காலண்டர்களின் கதையில் பெரிய பெயர் கொண்டையராஜு. 1898-இல் பிறந்து சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். ரமணரின் ஆசிரமத்தில் இருந்து, பிறகு நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்து ஊர் ஊராகப் போனவர். கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது, அவர் அங்கேயே தங்கிவிட்டார். 1976-இல் மறையும்வரை அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி நம் பூஜையறைகளுக்கு வந்தன. லட்சுமி என்று கண்ணை மூடினால் நமக்குத் தெரிகிற முகம் பெரும்பாலும் அந்த மரபில் வந்ததுதான். நாடக மேடையின் அலங்காரமும் வெளிச்சமும் அந்த ரோஸ் கன்னங்களில் இருப்பதாக எனக்குத் தோன்றும். நான் அந்தப் படங்களைக் கும்பிட்டு வளர்ந்தவள், குறை சொல்ல மனம் வராது. ஆனால் கும்பிடுகிற முகமும் கும்பிடுகிறவளின் முகமும் ஒரே நிறத்தில் இருந்த காலண்டர் எங்கள் வீட்டில் ஒருநாளும் தொங்கியதில்லை.

அதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2017 டிசம்பரில் சென்னையில் பரத்வாஜ் சுந்தரும் புகைப்படக்காரர் நரேஷ் நிலும் சேர்ந்து ‘டார்க் இஸ் டிவைன்’ என்றொரு படத்தொடர் எடுத்தார்கள். கறுத்த மாடல்களையே லட்சுமியாகவும் சரஸ்வதியாகவும் சீதையாகவும் நிறுத்தினார்கள். அந்தப் படங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. அவள் அதைப் பார்த்ததில்லை. என் போனில் எடுத்துக் காட்டினேன். லட்சுமியை மட்டும் இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு பையனிடம் திரும்பி, “அண்ணே, எங்கலர்லயே இருக்கட்டும்” என்றாள். கடைக்காரருக்குப் போன் போட்டோம். அவர் யோசித்துவிட்டு, “அடிச்சா நல்லா வருமா? அதைக் கேட்டுச் சொல்லுங்க” என்றார்.

கேட்க வேண்டிய ஆள் அச்சாபீசில் இருந்தார். எழுபதைத் தொடும் அண்ணாச்சி. கல்லச்சுக் காலத்தில் சின்னப் பையனாக வேலைக்கு வந்து, கல் சுமந்து, மை அரைத்து, ஆப்செட் வந்தபோது அதையும் கற்றவர். இப்போது புரூப் பார்க்கிறவர். உருப்பெருக்கிக் கண்ணாடியைத் தாளில் வைத்து என்னைக் குனியச் சொன்னார். முகம் இல்லை, புள்ளிகள்தான். நீலம், ரோஸ், மஞ்சள், கறுப்பு. நான்கு பிளேட்டும் ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுந்தால்தான் கண் கண்ணாக இருக்கும். ரிஜிஸ்டர் என்பது அதுதான்.

“செவத்த மூஞ்சிய எவனும் அடிச்சிருவான் தாயி. கறுத்த மூஞ்சிக்குக் கறுப்பு மை கூடுனா அப்பிரும், மூக்கும் கன்னமும் ஒண்ணாப் போயிரும். கறுப்பைக் குறைச்சு, மஞ்சளும் ரோஸும் தாங்கணும். அப்பத்தான் தோலுக்கு உசுரு வரும்.”

“அப்ப இத்தனை நாளா வெளுத்தது...”

“சோம்பேறித்தனமும் உண்டு” என்றார். அறுபது வருஷம் இந்த வேலை பார்த்தவர் அதைச் சொன்னபோது, தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார்.

இருக்கன்குடிப் பெண் என்று தெரிந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அங்கே அம்மன் வலது காலை மடித்து, இடது காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பாள். மற்ற இடங்களில் காண்பதற்கு நேர் எதிர். பிலிம் காலத்தில், படம் திரும்பிவிட்டது என்று நினைத்துப் புதுப் பையன் ஒருவன் பிலிமைப் புரட்டிப் போட்டுவிட்டானாம். ஒரு கட்டு அடித்த பிறகுதான் பார்த்தார்களாம். “ஆத்தா உக்காந்தது உக்காந்தபடிதான வரணும்? அத்தனையும் கிழிச்சோம்.” சொல்லிவிட்டு அவள் படத்தைத் தட்டினார். “இந்தப் புள்ளையும் இருந்தது இருந்தபடி வரும். நான் பாத்துக்கிறேன்.”

திரும்பும் வழியில் ஒரு கடை வாசலில் மத்தாப்புப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பெட்டிக்குப் பெட்டி ஒரு குழந்தை சிரித்தது. முந்தின நாள் திண்ணையில் அவள் அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாராம். இருட்டோடு வேன் வருமாம், தூக்கத்திலேயே ஏற்றிவிடுவார்களாம். லேபிள் ஒட்டுகிற வேலை. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் பற்றித் தீர்ப்புச் சொன்னது. சட்டத்துக்கு மாறாக வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அதற்குள் இவர் பெரிய பெண்ணாகிவிட்டார். “பெட்டில ஒரு பாப்பா படம் இருக்கும்க்கா. அதுக்கு எம்புட்டு வயசு இருக்கும்னு நெனைச்சுக்கிட்டே ஒட்டுவேன்” என்றார்.

படத்தில் நிற்கிற குழந்தைக்கும் இப்போது விதி இருக்கிறது. 2017-இல் திருத்திய விதிகளின்படி, கலை நிகழ்ச்சியிலோ விளம்பரத்திலோ குழந்தையை ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். வருமானத்தில் குறைந்தது 20 விழுக்காட்டைக் குழந்தையின் பெயரில் வங்கியில் வைப்புத் தொகையாகப் போட வேண்டும். பிள்ளையைக் கேமரா முன் நிறுத்த ஆசைப்படும் பெற்றோரில் எத்தனை பேரிடம் இதை யாராவது சொல்லியிருப்பார்கள்? நிற்பதும் வேலைதான் என்று சட்டம் ஒப்புக்கொண்டுவிட்டது. ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் புரூப் வந்தது. அண்ணாச்சி சொன்னபடியே செய்திருந்தார். விளக்கின் சுடர் கன்னத்தில் விழுந்து, கறுப்புக்குள்ளேயே ஒரு செம்பு நிறம் எழுந்திருந்தது. கடைக்காரர் பார்த்துவிட்டு, “நம்ம ஊருப் பிள்ளை மாதிரி இருக்கு” என்று சம்மதித்தாராம்.

வெள்ளிக்கிழமை பயராபீசுக்கு லீவு. மேளச் சத்தமும் அக்கினிச்சட்டிப் புகையும் தெருவில் நிறைந்திருக்க, கூட்டத்தில் நீந்தி அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தேன். அம்மா மஞ்சள் சேலையில் இருந்தார். தாளை நீட்டியதும் வாங்கவில்லை. உள்ளே போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையில் துடைத்து, நகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டு வந்தார். படத்தில் விரல் படாமல் வெள்ளை ஓரத்தை மட்டும் பிடித்தார். முகத்தைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். கடைசியில் விளக்கைப் பிடித்திருந்த கையிடம் வந்து நின்றுவிட்டார்.

“எம்புட்டு நேரம் இப்பிடிப் புடிச்சிருந்த?”

“மத்தியானம் வரைக்கும்மா.”

“கை கடுத்திருக்குமே” என்றபடி தாளை என்னிடம் கொடுத்துவிட்டு, மகளின் வலது முழங்கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு நீவிவிடத் தொடங்கினார்.