பாட்டும் கணக்கும்

பாடுகிறவரைப் பற்றி எழுதுவோர் பலர். அவருக்காகத் தேதி குறித்து, ஊதியம் பேசி, பயணச்சீட்டு வாங்கி வைப்பவரைப் பற்றி எழுதுவோர் அரியர். அவர் அந்தப் பாடகியின் பிள்ளையாகவே இருந்துவிட்டாலோ, "தாயின் நிழலில் பிழைக்கிறவர்" என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். நானும் ஒருகாலத்தில் அப்படிச் சொன்னவன்தான்.

மும்பைத் தமிழருக்கு ஆஷா போஸ்லே அயலவர் அல்லர். 1987இல் 'எங்க ஊரு பாட்டுக்காரன்' படத்தில் இளையராஜாவின் இசையில் அவர் தமிழில் பாடியபோது, பக்கத்து வீட்டு அம்மாள் நம் வீட்டுக் கூடத்தில் வந்து அமர்ந்ததுபோல மாதுங்காவில் நாங்கள் மகிழ்ந்தோம்.

1933இல் பிறந்த அவர், 1942இல் தந்தை தீனாநாத் மங்கேஷ்கரை இழந்தார். குடும்பச் சுமையை அக்காள் லதா தோளில் ஏற்றார். பதினாறாம் வயதில் ஆஷா மணந்துகொண்டது, அக்காளின் செயலாளராக இருந்த கணபத்ராவ் போஸ்லேயை. ஆக, ஒருவர் பாட மற்றொருவர் கணக்குப் பார்ப்பது என்பது அக்குடும்பத்துக்குப் புதிதன்று. ஆனால் அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. 1960ஐ ஒட்டி, கையில் இரு குழந்தைகளும் வயிற்றில் ஒன்றுமாக ஆஷா தாய்வீடு திரும்பினார். அன்று கருவில் இருந்தவரே ஆனந்த்.

மூத்தவர் ஹேமந்த் விமானியாக இருந்து, பின் இசையமைப்பாளரானார். மகள் வர்ஷா பத்திரிகைகளில் எழுதினார். இளையவர் ஆனந்த் வணிகமும் திரைப்பட இயக்கமும் பயின்றார். பயின்றபின் அவர் ஏற்றுக்கொண்ட பணி, தாயின் இசைவாழ்வை நிர்வகிப்பது. 2012இல் வர்ஷாவும், 2015இல் ஹேமந்தும் மறைந்தனர். இரு பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்தத் தாய், 2023இல் தம் தொண்ணூறாம் பிறந்தநாளன்று துபாய் மேடையில் நின்று பாடினார்.

தொண்ணூறு வயதுக் குரலை மேடையேற்றுவது எத்தகைய பொறுப்பு என்று எண்ணிப் பார்க்கிறேன். அயலார் ஒருவர் மேலாளராக இருந்தால், தேதி வீணாகிறதே என்று கவலைப்படுவார். பிள்ளைக்கோ, தேதியும் கவலை, தாயும் கவலை. வரும் வாய்ப்பை வேண்டாம் என்று சொன்னால் தொழில் போகும். சரி என்று சொன்னால் தாய் களைத்துப் போவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவனுக்குக் கைதட்டல் கிடையாது.

இது எனக்கு உறைத்தது என் தம்பியால்.

எங்கள் அம்மா மாதுங்காவில் அப்பளமும் வடகமும் இட்டு எங்களைப் படிக்க வைத்தாள். நான் வங்கி வேலைக்குப் போனேன். பட்டம் பெற்ற தம்பி, வேறு வேலை தேடாமல், அம்மாவின் அப்பளத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துக் கணக்கு எழுதினான்.

"படித்தும் அம்மா உழைப்பில் சாப்பிடுகிறாயே, வெட்கமாக இல்லையா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். அவன் கோபப்படவில்லை.

"அம்மா கையெல்லாம் மாவு, அண்ணா. பென்சில் பிடிக்க ஒரு கை வேண்டாமா?" என்றான்.

அம்மா காலமானபின் அவனுடைய கணக்கு நோட்டுகளைப் புரட்டினேன். வரவு, செலவு, உளுந்து விலை என்று நீண்ட பக்கங்களின் இடையே, சில நாட்களில் தொகையே இல்லை. அங்கே பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தான்: "அம்மாவுக்குத் தோள்வலி. இரண்டு கல்யாண வீட்டு ஆர்டர் வேண்டாமென்று சொல்லியாயிற்று." அவள் அதை அறிந்திருக்க மாட்டாள், அறிந்திருந்தால் வலியோடும் இட்டிருப்பாள்.

பாடகியின் பிள்ளை எவரையேனும் "தாய் நிழலில்" என்று யாராவது சொல்லக் கேட்டால், எனக்கு இப்போது அந்த வெற்றுப் பக்கங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. மரத்தின் நிழலில் பிள்ளை நிற்பதை ஊர் காண்கிறது. மரத்துக்கு நீர் ஊற்றுபவனும் அந்த நிழலில்தானே நின்றாக வேண்டும்?

தம்பியிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த மலரின் ஒரு பிரதியை அவனுக்கு அனுப்புவதாக இருக்கிறேன்.