கோதுமைக் கணக்கில் தமிழ்

1974 பிப்ரவரியில் அமெரிக்கத் தூதர் மாய்னிஹன் இந்திய அரசிடம் ஒரு காசோலை கொடுத்தார். தொகை 1,664 கோடி ரூபாய். பி.எல். 480 சட்டப்படி வந்த கோதுமைக்கு நாம் ரூபாயில் கட்டி, இங்கேயே தேங்கிப்போன பணத்தில் பெரும்பகுதி அது. வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அத்தனை சைபர்களைக் கற்பனை செய்யவே மலைப்பாக இருக்கிறது. ஆனால் என் அக்கறை, அதே கணக்கிலிருந்து முன்பே சில்லறையாக எடுக்கப்பட்ட பணத்தில்.

அந்த ரூபாயில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1962இல் டெல்லியில் அலுவலகம் திறந்தது. இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. தமிழும் போயிற்று. ஸ்புட்னிக் பறந்த மறுவருஷம், 1958இல், அவர்கள் அயல்மொழிக் கல்விக்குப் பணம் ஒதுக்கிய சட்டத்தின் பெயரே தேசப் பாதுகாப்புக் கல்விச் சட்டம். ராணுவ வாடை மறைக்கப்படவே இல்லை.

ஏகாதிபத்தியம் என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிடலாம். நண்பர்கள் தள்ளுகிறார்கள். என்னால் முடியவில்லை. 1962இல் சிகாகோ நூலகத்தின் நிலவறை அடுக்குகளில்தான் ஏ.கே. ராமானுஜன் கையில் உ.வே.சா. பதிப்பித்த குறுந்தொகை தற்செயலாக அகப்பட்டது. 1967இல் அவருடைய மொழிபெயர்ப்பு வந்தது. பி.ஏ. ஆங்கிலம் படித்த நான் அதன் வழியாகத்தான் மூலத்துக்குப் போனேன். பணம் போட்டவனின் நோக்கமும் படித்தவனின் பயனும் ஒரே பேரேட்டில் நேராவதில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா ஆயுள் முழுக்கச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் 1994இல் விலைக்கு வாங்கியதும் சிகாகோ பல்கலைக்கழகமே. கப்பலேற்றாமல் சென்னையிலேயே விட்டார்கள். இன்று தரமணியில் ஒரு அறக்கட்டளை அதை நடத்துகிறது.

இதற்குக் கலாசார ராஜதந்திரம் என்று பெயரானால், அதன் வெற்றி நான் அமெரிக்காவை நேசிப்பதில் இல்லை, நேசிக்கவும் இல்லை. பழைய சிறுபத்திரிகை ஒன்று வேண்டுமென்றால், அரைநாள் லீவு போட்டுவிட்டு யோசிக்காமலே தரமணிக்கு பஸ் ஏறுகிறேன். அந்த இதழ் அச்சான ஊரின் கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம் என்றுகூடத் தோன்றுவதில்லை. செல்வாக்கு என்பது இதுதான்.

வாங்கியவனைச் சந்தேகிக்க நமக்கு உரிமை உண்டு. அந்தப் புத்தகங்கள் விலைக்கு வரும்வரை நம் பல்கலைக்கழகங்கள் எங்கே இருந்தன என்பதையும் சேர்த்துக் கேட்டால், அந்தச் சந்தேகத்துக்குக் கொஞ்சம் மரியாதை கிடைக்கும்.