பொங்கலுக்கு வெள்ளையடித்த வீடு

மார்கழி பாதி கழிந்துவிட்டால் எங்கள் தெருவில் சுண்ணாம்பு வேகிற வாசம் வந்துவிடும். அம்பாசமுத்திரம் பக்கத்தில் தாமிரபரணியை ஒட்டிய ஊர் எங்களுடையது. காளவாசலில் சுட்ட கல்லைச் சாக்கில் கட்டி அப்பா சைக்கிளில் கொண்டுவருவார். புறவாசலில் பாதியாக வெட்டிய தார் டின் ஒன்று அதற்கென்றே கிடக்கும். கல்லைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு உள்ளிருந்து ஒரு சீறல். கல் வெடிக்கும், உப்பும், ஆவி கிளம்பும். அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிப்பதைப் பார்க்கப் பிள்ளைகள் எல்லோரும் கூடிவிடுவோம்.

"ஏல, தள்ளி நில்லு. கண்ணுல தெறிச்சா கண்ணு அவிஞ்சு போயிரும்" என்று அங்கணத்தில் இருந்தபடியே ஆச்சி சத்தம் போடுவாள்.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். கொஞ்சம் வயல் உண்டு. தாத்தா விட்டுப்போன வீடு பெரியது. அதை வைத்துக் காப்பாற்றும் வருமானம் சிறியது. தெருத்திண்ணை, தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை, அங்கணம், புறவாசல் என்று நீண்டுகொண்டே போகும் வீடு. முன்பக்கம் சீமை ஓடு. பட்டாசலுக்கு மேல் மட்டப்பா: மரக்கட்டைகளின் மேல் செங்கலைக் குத்துவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு இறுக்கிய தளம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டினார்களாம். அந்தத் தட்டும் சத்தம் தெருவுக்கே கேட்டது என்று ஆச்சி சொல்லுவாள். தளம் போட்ட வருஷம்தான் அவள் கல்யாணமாகி வந்த வருஷம்.

இந்த வீட்டுக்குச் செலவு செய்வதில் அப்பா ஒரு வரிசை வைத்திருந்தார். முதலில் கூரை, அடுத்து தண்ணீர் போகும் வழி, அதற்கடுத்து மரம். அழகு எல்லாவற்றுக்கும் கடைசி. கார் அறுப்பில் வந்த காசு ஓட்டுக்குப் போகும், ஏனென்றால் ஐப்பசி மழை வாசலில் நிற்கும். பிசான அறுப்பில் ஏதாவது மிஞ்சினால் கதவு, நிலை, உத்தரம் என்று ஆசாரியை அழைப்பார். மலையடிவாரத்து ஊர் என்பதால் குரங்குகள் வருஷம் முழுக்க ஓட்டை உடைத்துக்கொண்டே இருக்கும். மாற்று ஓடுகள் புறவாசலில் எப்போதும் அடுக்கியிருக்கும். ஓடு பிரிக்கும் நாளில் அவற்றை எடுத்துக் கொடுப்பது என் வேலை. அடிப்பக்கத்தில் பதிந்திருந்த ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்துத்தான் பாசல் மிஷன், 1865 என்பதெல்லாம் எனக்குத் தெரியவந்தது. ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் மங்களூரில் அந்த மிஷனின் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கிய வருஷம் அது என்று வெகுகாலம் கழித்துப் படித்தேன். எங்கிருந்தோ வந்த ஓடு எங்கள் ஊர்ச் சாரலுக்கு அப்படிப் பொருந்திப்போனது.

மரங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய். கறுப்பாக, நெடியோடு இருக்கும். கையில் பட்டால் தோல் வெந்துபோகும். ஆசாரி கையெல்லாம் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டுதான் தொடுவார். அந்த எண்ணெய் ஏறிய உத்தரத்தைச் செல் அண்டவில்லை.

ஆனால் என் மனசு போய் நிற்பது அந்த மார்கழிக் கடைசியில்தான். வெந்த சுண்ணாம்பைச் சில நாள் ஊறவிட வேண்டும். ஊற ஊறத்தான் அதற்கு வெண்ணெய்ப் பதம் வரும் என்று கொத்தனார் தாத்தா அவசரப்பட விடமாட்டார். பிறகு அப்பாவின் பழைய வேட்டியில் வடிகட்டி, கஞ்சியோ வஜ்ரப் பசையோ சேர்த்து, வெளுப்பு தூக்கலாகத் தெரியக் கொஞ்சம் நீலம் கரைப்பார்கள். தாழை விழுதை நசுக்கிக் கட்டிய மட்டைதான் பிரஷ். முதலில் ஒட்டடை அடித்துச் சுவரைக் கழுவி ஈரமாக்க வேண்டும். காய்ந்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது, பொடியாக உதிர்ந்துவிடும். ஈரத்தோடு அடிக்கும்போது சுவர் பழையபடி அழுக்காகவே தெரியும். நான் ஏமாந்துபோய் இன்னும் அப்பிக்கொண்டே இருப்பேன். "போதும்யா, காயட்டும், அதுவே வெளுக்கும்" என்பார் கொத்தனார் தாத்தா. மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால் சுவர் கண்ணைக் கூசும்.

சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து மறுபடி கல்லாகிறது என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. கல்லைச் சுட்டு, நீற்றி, கரைத்து, அடித்து, கடைசியில் திரும்பவும் கல். வருஷாவருஷம் எங்கள் கையால் மெல்லிய கல் ஒன்றை அந்தச் சுவருக்குப் போர்த்தியிருக்கிறோம்.

வெள்ளைக்குக் கீழே காவிப்பட்டை. அடுக்களையில் மட்டும் புகை படிவதால் மஞ்சள் நிறப் பொடி கலந்து அடிப்போம். முற்றத்துக் கொட்டகையில் அம்மாவும் சித்தியும் அடுப்புக்கான பொங்கல் கட்டி செய்து காயவைத்திருப்பார்கள். மிச்சச் சுண்ணாம்பும் காவியும் அதற்கு. அதற்கும் மிஞ்சினால் என் தங்கையின் சிறுவீட்டுக்கு. மார்கழி பிறந்ததும் பெண்பிள்ளைகளுக்காக வாசலில் களிமண்ணால் வரப்புப்போல் கட்டுகிற சின்ன வீடு அது. அதற்கும் பட்டாசல், அடுக்களை எல்லாம் உண்டு. நாங்கள் பெரிய வீட்டுக்கு வெள்ளையடிக்கையில் அவள் தன் வீட்டுக்கு விரலால் வெள்ளையடிப்பாள். தையில் ஒரு நாள் அதற்குள் பொங்கல் வைப்பார்கள். பூ வைத்த எருத்தட்டுகளை அவள் ஆற்றில் விடுவாள். இன்று அந்தத் தெருவில் சிறுவீடு கட்டுகிற வாசல் ஒன்றுகூட இல்லை. தெரு முழுக்க சிமெண்டுத் தளம். களிமண்ணுக்கு எங்கே போவது?

வெள்ளையடித்த சுவரில் படங்களை மாட்டுவது அம்மாவின் பொறுப்பு. கோவில்பட்டியில் இருந்து வரைந்த கொண்டையராஜுவின் (1898–1976) சாமிகள்தான் எங்கள் வீட்டு ஓவியங்கள். கடைக்காரர்கள் கொடுக்கும் சிவகாசிக் காலண்டர் வருஷம் முடிந்ததும் தேதித்தாளைக் கழற்றிவிட்டுச் சட்டம் போட்டுக்கொள்ளும். முருகனும் மீனாட்சியும் முன்பக்கம் சாய்ந்தபடி பட்டாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜன்னலுக்குப் பழைய சேலைத் திரை. வந்தவர்களுக்கு விரிக்க ஒரு பத்தமடைப் பாய், சுருட்டி மச்சில் இருக்கும். தரை சிவப்புத் தரை. சாந்தில் சிவப்புப் பொடி கலந்து கரண்டியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மினுமினுப்பு. அம்மா எப்போதாவது தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைப்பாள். வெயில் காலத்தில் அந்தத் தரையில் வெறும் முதுகைக் கிடத்தியவர்களுக்கு அதன் அருமை தெரியும். அலங்காரம் என்று எங்கள் வீட்டில் இருந்தது இவ்வளவுதான். எனக்கு அது குறைவாகத் தோன்றியதே இல்லை.

1992 நவம்பரில் தாமிரபரணி கரை மீறியது. எங்கள் தெருவுக்குள்ளும் தண்ணீர் வந்து, இடுப்பளவுக்கு நின்று, வண்டலை விட்டுவிட்டுப் போனது. சுவரில் தண்ணீர்க் கோடு கறுப்பாக விழுந்திருந்தது. அப்பா கதவு ஜன்னலை எல்லாம் திறந்து போட்டார், வேறொன்றும் செய்யவில்லை. "சொவரும் மூச்சு விடணும்லா. அவசரப்பட்டு மூடிராதிய அண்ணாச்சி" என்றார் கொத்தனார் தாத்தா. பொங்கலுக்கு வெள்ளையடிக்கக்கூட அந்த வருஷம் அவர் சம்மதிக்கவில்லை. சித்திரைக்குள் சுவர் காய்ந்தது. ஆடிக்கு முன்னால் அடித்தோம். அந்தக் கோட்டை அதன்பிறகு நான் பார்க்கவில்லை.

பிறகு பாகம் பிரிந்தது. பட்டாசலின் நடுவில் செங்கல் சுவர் எழுந்தது. பெரியப்பா தன் பக்கத்தை ஆசையோடு புதுப்பித்தார். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். பிறந்த வீட்டைப் பேரன் பேத்திகள் முகம் சுளிக்காமல் வந்து தங்கும்படி ஆக்கவேண்டும் என்று நினைத்தார். காரையைக் கொத்தி எடுத்துவிட்டு சிமெண்டு பூசினார்கள். மேலே பட்டி பார்த்து எமல்ஷன். சிவப்புத் தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டினார்கள். தரை உயர்ந்ததால் தேக்குக் கதவுகளின் அடியைச் சீவ வேண்டியதாயிற்று. முடிந்தபோது பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பழைய சுவருக்கு இன்றைய கட்டடங்கள்போல் அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணின் ஈரம் மெல்ல ஏறும். காரை வழியாக வெளியே போய்விடும். சிமெண்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்தால் ஈரம் உள்ளேயே நிற்கும். கூடவே உப்பும் நிற்கும். சில மழைக்காலங்களிலேயே பெரியப்பா பக்கத்துச் சுவர் முழங்கால் உயரத்துக்குப் பூத்துப் பொருக்குப் பொருக்காக உதிர ஆரம்பித்தது. உதிர்ந்த இடத்தில் மறுபடி பட்டி, மறுபடி பெயிண்ட். அவர் பென்ஷனில் எவ்வளவு அந்தச் சுவருக்குள் போயிற்று என்பது பெரியம்மாவுக்குத்தான் தெரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் இரண்டு பாகத்திலும் தண்ணீர் புகுந்தது. எங்கள் பக்கம் கோடைக்குள் காய்ந்துவிட்டது. அந்தப் பக்கம் மறு ஆடியிலும் பெயிண்டு கொப்புளித்துக்கொண்டிருந்தது. நடுவில் இருப்பது ஒரு சுவர்தான். அடியில் இருப்பது ஒரே மண்.

தம்பி மகளுக்கு நிச்சயம் வைத்தபோது எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சீர்செய்ய வேண்டியிருந்தது. கையில் இருந்த பணம் கல்யாணத்துக்கே இழுத்துப் பிடிக்கும் அளவுதான். தம்பி அப்பாவின் வரிசையையே எடுத்துக்கொண்டான். உடைந்த ஓடுகளை மாற்றினான். முற்றத்து மடையில் அடைத்திருந்த மண்ணை எடுத்தான். செல்லரித்த ஜன்னலுக்குப் பழைய மரக்கடையில் கம்பி ஜன்னல் ஒன்றை நல்ல நிலையில் பார்த்து வாங்கி வந்தான். மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917–2007) இடித்த கட்டடங்களின் கதவையும் ஜன்னலையும் தேடி வாங்கித் தான் கட்டிய வீடுகளில் வைத்தார் என்று சொன்னேன். தம்பிக்கு அவரைத் தெரியாது. "நல்ல மனுஷன்" என்று மட்டும் சொன்னான். சிவப்புத் தரையின் வெடிப்புகளை அடைத்து எண்ணெய் போட்டார்கள். அம்மாவின் கொண்டையராஜு முருகனுக்குப் புதுக் கண்ணாடி போட்டார்கள்.

சுவருக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. கொத்தனார் தாத்தா போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அவர் பேரன் பெயிண்டர். ரோலர் பிடிக்கத் தெரியும், சுண்ணாம்பு நீற்றத் தெரியாது. தாழை விழுது மட்டை என்றால் என்னவென்று கேட்கிறான். கடைசியில் சேரன்மாதேவிப் பக்கத்தில் இருந்து வயசான ஒருவரைக் கூட்டிவந்தோம். உதிர்ந்திருந்த ஓர் இடத்தை அவர் சுரண்டியபோது அடுக்கடுக்காகத் தெரிந்தது: மேலே வெள்ளை, அடியில் நீலம், அதற்கடியில் ஒரு வெளிறிய பச்சை. ஆச்சி வந்த வருஷத்துப் பச்சையாக இருக்கலாம் என்றாள் தங்கை. அப்படியே விடச் சொன்னோம். அதன் மேலேயே வெள்ளையடித்தார்.

பெரியவர் வேலை முடித்துக் கூலி வாங்கும்போது, சுண்ணாம்பு வேலைக்கென்று தன்னைக் கூப்பிட்டு வெகுநாளாயிற்று என்றார். மகன்கள் யாரும் இதைப் படிக்கவில்லை என்றார்.

பழைய வீடு கையில் இருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். காரையைக் கொத்தச் சொல்லும் முன் உங்கள் ஊர்ப்பக்கம் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார் யாராவது மிஞ்சியிருக்கிறாரா என்று விசாரியுங்கள். இருந்தால் இந்தப் பொங்கலுக்கு ஒரு சுவரையாவது அவரிடம் கொடுங்கள். பக்கத்தில் இளவட்டம் ஒருவனைச் சம்பளம் கொடுத்து நிறுத்துங்கள். அவன் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.