மைந்தர்களின் மண்

தாராவியில் தொண்ணூறு அடிச் சாலைக்கு உள்ளே ஒரு சந்தில் பிறந்து வளர்ந்தவள் நான். ‘மண்ணின் மைந்தர்’ என்ற சொல் எங்களுக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. 1966இல் சிவசேனை தொடங்கப்பட்டபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள்தான். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. லுங்கி கட்டியவர்களை விரட்டச் சொல்லிக் கோஷம் எழுந்தது. மராத்தியில் அவர்கள் சொன்ன சொல் ‘பூமிபுத்ர’. இரண்டு மொழியிலும் அந்த மண்ணுக்கு மகன்கள் மட்டுமே இருந்தார்கள்.

தாராவி யாருடையது? மீன்பிடிக்கும் கோலிகள் எல்லோருக்கும் முந்தியவர்கள். தங்கள் கோலிவாடாவைக் குடிசைப் பகுதியாகக் கணக்கிடுவதை அவர்கள் எதிர்க்கிறார்கள். அதில் நியாயம் உண்டு. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களுக்குக் கும்பார்வாடா. தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எங்களவர்கள். பிறகு உத்தரப் பிரதேசம், பீகார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு சங்கம், ஒரு கோயில் அல்லது பள்ளிவாசல், “நாங்கள்தான் முன்பே வந்தோம்” என்று ஒரு கதை. அந்தக் கதை எப்போதும் தாத்தாவில்தான் தொடங்கும்.

ஆச்சியில் தொடங்கிப் பார்க்கிறேன். அவள் வந்து இறங்கியபோது எங்கள் சந்து சதுப்பு நிலம். குப்பை, செங்கல் துண்டு, கரித்தூள் என்று கிடைத்ததையெல்லாம் கூடை கூடையாகக் கொட்டி அதை மேடாக்கியது அவளும் பக்கத்துக் குடிசையிலிருந்த கொங்கணிக்காரப் பெண்ணும். ஒவ்வொரு மழைக்கும் தரை இறங்கும், மறுபடியும் கொட்டுவார்கள். ஒருத்தி பேசுவது மற்றவளுக்குப் புரியாது. “அவ நாலு கூடை போடுவா, நான் நாலு கூடை போடுவேன். அதாம்ட்டி பாஷை” என்பாள் ஆச்சி. 1976இல் குடிசைக் கணக்கெடுப்பு நடந்து அட்டை கொடுத்தபோது, அதில் தாத்தாவின் பெயர் ஏறியது.

“சொந்த ஊருக்குப் போ” என்றவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியாது. அங்கே சேரியில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. அதிலும் பெண்ணுக்குச் சொந்த ஊர் எது? பிறந்த வீட்டில் அவள் போகப்போகிறவள். புகுந்த வீட்டில் வந்தவள்.

1981 ஜூலையில் பம்பாயின் நடைபாதைக் குடிசைகளை இடித்து, அங்கிருந்தவர்களைப் பேருந்தில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். ஓல்கா டெல்லிஸ் வழக்கு அதிலிருந்து பிறந்தது. மனுதாரர்களில் ஒருவர் 1961இல் சேலத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவரையும் குடும்பத்தையும் சேலத்துக்கு ஏற்றிவிட்டார்கள். வேலை தேடி அவர் திரும்பி வந்தார். மனைவியும் மகள்களும் சேலத்திலேயே தங்கிவிட்டார்கள். வாழ்வாதாரமும் உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று 1985இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முன்னறிவிப்புக் கொடுத்து, மழைக்காலம் கழிந்தபின் அகற்றலாம் என்றும் சொன்னது. சட்ட மாணவர்கள் எல்லோரும் படிக்கும் தீர்ப்பு. நான் அதைப் படிக்கும்போதெல்லாம் அந்த மனைவியிடம் போய் நிற்கிறேன். அவள் திரும்பி வர விரும்பினாளா? அவளிடம் யார் கேட்டார்கள்?

இப்போது தாராவி முழுவதையும் இடித்துக் கட்டப்போகிறார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, இலவசமாக. மேல்தளத்தில் இருப்பவருக்கு வேறெங்கோ, பணம் கட்டி வாங்கும் வீடு. எங்கள் சந்தில் மேல்தளத்தில் இருப்பது யார்? கணவன் விட்டுப் போனவள், விதவை, அண்ணன் வீட்டோடு ஒண்டியிருப்பவள். இரும்பு ஏணியில் ஏறி இறங்கி இட்லி வியாபாரம் செய்யும் என் அத்தை அவர்களில் ஒருத்தி. மாமா ஊருக்குப் போய் வேறு குடும்பமாகிவிட்டார். குடிசை மறுவாழ்வு விதிகளின்படி ஒப்பந்தம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் இருக்க வேண்டும். நல்ல விதிதான், பெண்களின் போராட்டம் இல்லாமல் இப்படி ஒரு விதி வந்திருக்காது. ஆனால் அந்த விதிக்குள் நுழைய அவள் மனைவியாக இருக்க வேண்டும், தரையிலும் இருக்க வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் சங்கத்தின் கூட்டத்தில், “தமிழ் ஜனங்களுக்கு ஒரு வீடுகூடக் குறையக் கூடாது” என்று பேசினார்கள். நாங்களும் கை தட்டினோம். அத்தை எழுந்து, “மாடியில இருக்கவ தமிழ் ஜனம் இல்லியா அண்ணாச்சி?” என்று கேட்டாள். “ஒங்க அண்ணன் வீட்டுல ஒரு ஓரமா இருந்துக்கிட மாட்டியளா?” என்றார் அவர், அன்பாகவேதான். எதிர்ச்சந்தில் மேல்தளத்தில் இருக்கும் மராத்திக்கார அக்காவுக்கு அவர்கள் மண்டலில் கிடைத்த பதிலும் இதுவேதான் என்று மறுநாள் தண்ணீர் பிடிக்கும்போது தெரிந்தது. இனத்தின் பெயரால் நிலம் கேட்பவர்கள், கிடைத்ததை வீட்டின் பெயரால் பிரிக்கிறார்கள். வீடு என்றால் ஆண்.

அவர்கள் இரண்டு பேரும் இப்போது மேல்தளத்துப் பெண்களின் பட்டியல் எடுக்கிறார்கள். எழுதிக் கொடுப்பது நான். பெயர், வந்த வருடம், செய்யும் வேலை, கையிலிருக்கும் காகிதம் என்று நான்கு கட்டங்கள். ஊர், மொழி, சாதி என்று நான் போட்டிருந்த கட்டங்களை அத்தை அடிக்கச் சொன்னாள். கணவர் பெயர் என்ற கட்டத்தை மராத்திக்கார அக்கா அடித்தாள்.